பழங்காசும் களிம்பும்: தேய்ந்த நாணயங்களைத் தூய்மை செய்தல் தகுமா?

மண்ணினின்றும் வெளிப்படும் பழங்காசுகளைத் தூய்மை செய்தல் தகுமா, தகாதா என்பது காசு தொகுப்பார்க்கே உரிய வினா என்றும், தமிழாராய்ச்சிக்கும் அதற்கும் தொடர்பு இல்லை என்றும் சிலர் கருதக்கூடும். அக்கருத்துப் பொருந்தாது என்பதைக் காட்டுதலும், அவ்வினாவிற்கு ஒருவாறு விடை காண்டலும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சங்க காலத்து வேந்தர் வரலாற்றை ஆராய்வார்க்குத் தொகை நூல்களே தலைமையான சான்றுகள். ஆயினும் அந்நூல்கள் பல நூற்றாண்டுகளாக ஏடு பெயர்த்து எழுதப்பெற்று நம் கைக்கு வந்தவை. அக்காலத்திலேயே பொறிக்கப்பெற்று, பெயர்த்தெழுதுவார் கைப்படாமல், அக்காலத்து எழுத்துருவோடே நமக்குக் கிடைப்பன கல்லெழுத்தும், பானையோட்டெழுத்தும், காசெழுத்துமே. இவற்றுள் பானையோடுகளில் வருவன பெரும்பாலும் குடிமக்கள் பெயர்கள். வேந்தர் பெயரைத் தாங்கி வருவன கல்லும் காசுமே என்னலாம். மாங்குளத்துக் கல்வெட்டு நெடுஞ்செழியன் பெயரையும், புகளூர்க் கல்வெட்டு மூன்று தலைமுறைச் சேரர் பெயரையும், 1981-ஆம் ஆண்டில் கண்டறியப்பட்ட ஜம்பைக் கல்வெட்டு அதியன் நெடுமான் அஞ்சியின் பெயரையும் நமக்கு அளித்தன. அவ்வாறே, குதிரை உருவும் 'பெருவழுதி' என்னும் பெயரும் பொறித்த பாண்டியர் செப்புக்காசும், கரூரை அடுத்த அமராவதியாற்று மணலிற் கிடைத்த, தலையுருவோடு 'மாக்கோதை', 'குட்டுவன் கோதை' என்னும் பெயர்கள் பொறித்த சேரர் வெள்ளிக்காசுகளும் சங்க வரலாற்றிற்குப் புதிய ஒளி தந்தன. இரா. கிருஷ்ணமூர்த்தி அவர்கள் 1997-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட சங்ககாலத் தமிழ்க் காசுகள் பற்றிய நூல் இத்துறையில் நின்று பயன்படுவது.

இனி, இத்தகைய காசுகளுட் பல, முறைப்படி நிகழ்ந்த அகழாய்வில் வெளிப்பட்டவை அல்ல. ஆற்று மணலை அரித்துத் தேடுவோரும், ஏர் ஓட்டும் உழவரும், அண்மைக் காலத்தில் உலோகங்காட்டும் கருவியைக் கையிற் கொண்டு நிலந்தடவுவோருமே அவற்றை முதற்கண் காண்கின்றனர். கண்டவர் செய்யும் முதற்செயல் யாது? காசைத் துலக்குதலே. வீட்டிற் செப்புக் குடத்தையும் பித்தளை விளக்கையும் புளியிட்டுச் சாம்பலால் தேய்த்துத் துலக்கிப் பழகிய கை, காசையும் அவ்வாறே துலக்குகின்றது. வணிகர் கைப்படின் புளியின் இடத்தை அமிலம் பெறுகின்றது. ஆராய்ச்சியாளர் கண்ணிற்கு வருவதன் முன்னரே காசின் முகம் மாறிவிடுகின்றது. ஏட்டுச்சுவடி ஒன்றைக் கண்டெடுத்தவர், அதனைப் புலவர்க்குக் காட்டுமுன் தமக்குப் பிடித்தவாறு எழுத்துகளைச் சுரண்டித் திருத்திவிட்டார் எனின் நாம் வாளா இருப்போமோ? ஆதலின் இவ்வினா தமிழாராய்ச்சிக்கு உரியதே ஆகும்.

தேய்வு, களிம்பு, மண்

இவ்வினாவிற்கு 'ஆம்' என்றோ 'அன்று' என்றோ ஒரு சொல்லால் விடை கூறுவார் இருதிறத்தாரும் ஓர் உண்மையை மறந்தனர் என்றே சொல்லுதல் வேண்டும். பழங்காசின் எழுத்துப் புலப்படாமைக்குக் காரணம் ஒன்றன்று, மூன்று. காசு பல கை மாறி வழங்கியதனால் எழுத்துத் தேய்ந்திருத்தல் ஒன்று. மண்ணின் ஈரமும் உப்பும் தாக்கியதனால் உலோகம் களிம்பாக மாறியிருத்தல் மற்றொன்று. மண்ணும் மணலும் சுண்ணமும் மேலே படிந்து மூடியிருத்தல் பிறிதொன்று. தேய்வு என்பது பொருள் போயினமை. களிம்பு என்பது பொருள் மாறினமை. மண்படிவு என்பது பொருள் மறைந்தமை. இம்மூன்றும் ஒரே காசில் ஒருங்கு நிற்றலும் உண்டு. கண்டெடுத்தவர் இம்மூன்றையும் ஒன்றாகவே எண்ணி, எல்லாவற்றையும் 'அழுக்கு' என்கின்றார். பிழை அங்கே தொடங்குகின்றது.

போனது தூய்மை செய்தலால் மீளாது. தேய்ந்த எழுத்தின் உலோகம் பண்டு அக்காசை வழங்கியோர் கைகளிலும் பைகளிலும் துகளாய் உதிர்ந்து போயிற்று. அதனை எப்புளியும் எவ்வமிலமும் திரும்பக் கொணரமாட்டா. மறைந்தது, தக்க முறையால், தக்கார் கையால் வெளிப்படுதல் கூடும். இடைநின்ற களிம்பே ஆழ்ந்து ஆராயத்தக்கது.

கல்லெழுத்தும் காசெழுத்தும்

ஈண்டு ஒரு தடை எழுதல் இயல்பே. 'கல்வெட்டைப் படியெடுப்பார் முதலில் நீர் தெளித்துத் தூரிகையால் நன்கு தேய்த்துக் கழுவுகின்றனர். அதன் பின்னரே தாளை ஒற்றி மைப்படி எடுக்கின்றனர். ஏட்டுச்சுவடியிலும் இலைச்சாறும் கரியும் தடவி எழுத்தை விளங்கச் செய்தல் நம்மவர் தொன்றுதொட்டுச் செய்துவரும் வழக்கம். கல்லிற்கும் ஓலைக்கும் தகுவது காசிற்குத் தகாதோ?' என்பதே அத்தடை.

விடை எழுத்தின் இயல்பிலேயே உள்ளது. கல்லிலும் ஓலையிலும் எழுத்துக் குழிவெழுத்து. உளியோ எழுத்தாணியோ உட்சென்று கீறியது. அக்குழிவில் மண் நிறைந்திருப்பின் மண்ணை நீக்கினால் எழுத்து வெளிப்படும். மேற்பரப்புச் சிறிது தேயினும் குழிவு நிற்கும். காசிலோ எழுத்து மேலெழுந்த எழுத்து. அக்கசாலையில் அச்சிற் குழிவாக வெட்டப்பெற்றது காசின்மேற் புடைப்பாகப் பதிகின்றது. புடைப்பு முதலில் தேயும். முதலில் காற்றையும் ஈரத்தையும் ஏற்கும். ஆதலின் முதலிற் களிம்பாகவும் மாறும். கல்லில் எழுத்தை மூடுவது அயற்பொருள். செப்புக்காசிலோ எழுத்தே களிம்பாகி நிற்றல் உண்டு. கல்லைக் கழுவுவார் எழுத்தின்மேல் உள்ளதனை நீக்குகின்றார். காசைத் துலக்குவார் எழுத்தையே நீக்குகின்றார். இவ்வேறுபாட்டை உணராமையே பல காசுகள் ஊமையானமைக்குக் காரணம்.

களிம்பின் இயல்பு

நெடுங்காலம் மண்ணிற் கிடந்த செப்புக்காசைக் குறுக்கே அறுத்து உருப்பெருக்கியால் நோக்கின், நடுவே செம்பும், அதனைச் சூழ்ந்து செந்நிறமான ஓர் அடுக்கும், அதற்கு மேலே பச்சை நிறமான ஓர் அடுக்கும், எல்லாவற்றிற்கும் புறத்தே மண்ணும் மணலும் கலந்த படிவும் பெரும்பாலும் காணப்படும். செந்நிற அடுக்குச் செம்பும் உயிரகமும் சேர்ந்தது. அதனைக் குப்ரைட்டு என்பர். பச்சை அடுக்குச் செம்பும், கரியமில வாயுவும், நீரும் சேர்ந்தது. அதனை மாலகைட்டு என்பர். அக்கசாலையில் அச்சுப் பதிந்த அன்று காசிற்கு இருந்த மேற்பரப்பு, பல காசுகளில், இன்று எஞ்சி நிற்கும் செம்பின்மேல் இல்லை. இவ்வடுக்குகளின் இடையிலேயே உள்ளது. எழுத்தும் உருவும் அவ்விடத்திலேயே மெல்லிய ஏடு போல நிற்கின்றன.

புளியில் உள்ள டார்டாரிக் அமிலமும், எலுமிச்சையில் உள்ள சிட்ரிக் அமிலமும் பச்சைக் களிம்பை விரைந்தும், செங்களிம்பைச் சற்றுத் தாழ்த்தும் கரைப்பன. கரைந்த பின் செம்பு பளபளவென்று தோன்றும். கண்டெடுத்தவர் மகிழ்வார். ஆயின் அவர் காண்பது காசின் முகம் அன்று. முகம் உரிந்த பின் உள்ளே தோன்றும் தசையே. அதன்மேல் எழுத்து இருப்பின் அது மங்கிய நிழலாகவே இருக்கும். விற்பனைக்காக அதன்மேல் மீண்டும் கருநிறம் ஏற்றுவாரும் உளர். பொய்ம்முகம் பெற்ற அக்காசு ஆராய்ச்சியாளரை இருமுறை ஏமாற்றும்.

இதனை ஒரு சிறு கணக்காலும் விளக்கலாம். மாலகைட்டின் எடையில் நூற்றுக்கு ஏறக்குறைய 57 பங்கு செம்பே. ஒரு காசின்மேல் உள்ள 1 கிராம் பச்சைக் களிம்பைக் கரைத்து விடின், 0.57 கிராம் செம்பு அதனோடு போகின்றது. அச்செம்பு அயலிலிருந்து வந்து ஒட்டியது அன்று. அக்காசின் உடம்பிலிருந்து பிறந்தது. பழங்காசுகளின் எடையை நிறுத்து, அவை எந்நிறை அளவையைப் பின்பற்றி அடிக்கப்பட்டன என ஆராய்வார்க்கு இவ்விழப்பு எத்துணைப் பெரிது! 3 அல்லது 4 கிராம் எடையுள்ள சிறு காசில் அரைக் கிராம் குறையின், ஒரு நிறை வரிசையிற் சேர வேண்டிய காசு வேறொரு வரிசையிற் சேர்ந்துவிடும். களிம்போடு நிறுத்த எடையும் பண்டை எடை ஆகாது என்பது உண்மையே. ஆயின் அதனைக் களிம்பு உள்ள காசென்று குறித்துக் கணக்கிடலாம். துலக்கிய காசில் எவ்வளவு போயிற்றென்று கணக்கிட வழியே இல்லை.

'களிம்பு' என்னும் சொல்லே நம்மை மயக்குகின்றது போலும். சைவ சித்தாந்த நூல்கள் உயிரைப் பற்றிய ஆணவ மலத்திற்குச் செம்பிற் களிம்பை உவமையாகக் கூறும். அவ்வுவமை நம் செவியிற் பழகியமையால், களிம்பு என்றவுடன் நீங்க வேண்டியது என்னும் எண்ணம் தானே தோன்றுகின்றது. அவ்வுவமை அந்நூல்களின் இடத்தே செவ்விதாகுக. காசாராய்ச்சியிலோ நிலைத்த களிம்பு நீக்கத்தக்க மலம் அன்று. எழுத்தைத் தாங்கும் ஏடு.

ஒரு புள்ளியின் பொருட்டு

எழுத்தாராய்ச்சியாளர்க்கு இவ்வேறுபாடு எத்துணை இன்றியமையாதது என்பதற்குப் புள்ளி ஒன்றே சாலும். மெய்யெழுத்துப் புள்ளி பெறும் என்றும், எகர ஒகரங்களும் அவ்வியல்பின என்றும் தொல்காப்பியம் கூறும். தமிழ்ப் பிராமியில் எழுதப்பெற்ற பழைய கல்வெட்டுகளிற் புள்ளி காணப்படாமையும், பிற்பட்டனவற்றிற் காணப்படுதலும் கொண்டு அவற்றின் கால முறையை வகுத்தல் ஆராய்ச்சியாளர் வழக்கு. ஐராவதம் மகாதேவன் அவர்கள் 2003-இல் வெளியிட்ட பழந்தமிழ்க் கல்வெட்டு நூலிலும் எழுத்து முறையின் இப்படிநிலைகள் விரித்துரைக்கப்படுகின்றன. எனவே, ஒரு காசின் எழுத்தருகே புள்ளி உண்டா, இல்லையா என்பது, அக்காசின் காலத்தையும், அதனில் வரும் வேந்தன் காலத்தையும் தொடும் வினாவாகும்.

காசிற் புள்ளி என்பது கடுகினும் சிறிய ஒரு புடைப்பு. களிம்பில் அஃது நிற்பின், புளி அதனை அழிக்கும். அமிலம் செம்பை அரித்துப் பண்ணும் குழிகளும், குழிகளிடையே எஞ்சும் சிறு மேடுகளும், இல்லாத புள்ளியை உண்டாக்கவும் வல்லன. ஒரு மாணவர் நன்கு துலக்கிய செப்புக்காசு ஒன்றைக் கொணர்ந்து, 'ககரத்தின்மேற் புள்ளி உளது' என்கின்றார் என்க. அஃது அச்சிலிருந்து வந்ததா, அமிலத்திலிருந்து வந்ததா என அறிய ஆசிரியர்க்கு வழி யாது? களிம்பு தொடர்ச்சியாக நின்றிருப்பின், புள்ளியையும் எழுத்தையும் ஒரே பரப்பு மூடியிருப்பது கண்டு ஒருவாறு துணியலாம். அப்பரப்பு நீங்கிய பின், ஆம் எனினும் அன்று எனினும் இரண்டும் கருத்தளவே ஆகும்.

தேய்வும் ஒரு சான்றே

இனித் தேய்வைப் பற்றிச் சிறிது கூறுதும். தேய்ந்த காசைக் குறையுடைய காசென்று ஒதுக்குதலும், அதன் எழுத்தை எடுத்துக்காட்ட வேண்டிக் கூரிய கருவியாற் கீறுதலும் இரண்டும் தவறு. தேய்வு தானே ஒரு வரலாற்றுச் செய்தி. தேயாத காசு அடிக்கப்பட்டவுடன் புதைக்கப்பட்டமையைக் காட்டும்; தேய்ந்த காசு நெடுநாள் வழங்கியமையைக் காட்டும்.

1898-இல் புதுக்கோட்டைப் பகுதியில் வெளிப்பட்ட உரோமப் பொற்காசுப் புதையலை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அதன்கண் இருந்த காசுகள் 501. அவற்றுட் பெரும்பாலானவற்றில் பேரரசன் தலையுருவின் மேல் உளியால் வெட்டிய வடு காணப்படுகின்றது. காசுகள் மிகுதியும் தேய்ந்தும் உள்ளன. தேய்ந்து எடை குறைந்த காசுகள் இனிக் காசாக வழங்கலாகாது என்று கருதியே அவை வெட்டப்பட்டன என்பது ஆராய்ச்சியாளர் கூறும் விளக்கங்களுள் ஒன்று. அதனை ஏற்பினும் மறுப்பினும், அவ்வாராய்ச்சிக்கு அடிப்படை தேய்வும் வெட்டுமே. அக்காசுகளை மெருகிட்டுத் தேய்வு எது, மெருகு எது என அறியாவண்ணம் செய்திருப்பின், யவனர் வாணிகத்தைப் பற்றிய ஒரு சான்று வாய் மூடியிருக்கும். பொன் களிம்பேறாது, அதற்குத் தூய நீரே போதும். அப்பொன்னையும் துணியால் அழுத்தித் தேய்ப்பார் புதிய கீறல்களைப் பழைய தேய்வோடு கலந்துவிடுகின்றனர்.

வெள்ளிக்கும் இதுவே முறை. வெள்ளிக்காசின்மேற் படியும் கருமை மிக மெல்லியது. பற்பொடியால் தேய்த்து அதனை நீக்குவார், கருமையோடு மாக்கோதையின் தலைமயிர்க் கோடுகளையும் நீக்குவர்.

கிடைத்த இடம், கிடைத்த அடுக்கு

காசிற்கு இரண்டு முகங்கள் என்பர். ஆராய்ச்சிக்கு மூன்றாவது முகமும் உண்டு. அஃது அக்காசு கிடந்த இடம். காசோடு ஒட்டிய மண், அம்முகத்தின் எஞ்சிய பகுதி. காசை முடிந்து வைத்த துணியின் இழைப்பதிவு களிம்பில் நின்றிருத்தலும் உண்டு.

இடத்தைக் காத்தலின் பயனை நன்கு விளக்கும் நிகழ்ச்சி ஒன்று பிற நாட்டில் அண்மையில் நிகழ்ந்தது. உலோகங்காட்டும் கருவி கொண்டு தேடுதல் சட்ட வரம்பிற்குட்பட்டு வழங்கும் நாடு இங்கிலாந்து. அந்நாட்டின் சாமர்செட்டுப் பகுதியில் ஃபுரோம் என்னும் ஊரை அடுத்த வயலில், 2010-இல் ஒருவர் அக்கருவியாற் சில காசுகளைக் கண்டார். கீழே பானை ஒன்று இருத்தலை உணர்ந்ததும் அவர் தோண்டுதலை நிறுத்தி, அறிஞர்க்கு அறிவித்தார். தொல்லியலார் பானையில் இருந்தவற்றை அடுக்கடுக்காக எடுத்தனர். எண்ணியபோது காசுகள் 52,503 இருந்தன. அவற்றுட் காலத்தாற் பிற்பட்டவை கராசியசு என்னும் அரசன் காசுகள். அவை பானையின் மேலே இருக்கும் என்றே எவரும் எண்ணுவர். ஆயின் அவற்றுட் பெரும்பாலான பானையின் நடுவிற்குக் கீழேயே இருந்தன. எனவே, அப்பானை ஆண்டுதோறும் சிறுகச் சிறுக நிரப்பப்பட்ட உண்டியல் அன்று, ஒரே காலத்தில் நிரப்பப்பட்டது என்பது பெறப்பட்டது. கண்டவர் எல்லாவற்றையும் அள்ளி வாளியிற் கொட்டிக் கழுவியிருப்பின், காசுகள் இருந்திருக்கும், இம்முடிபு இருந்திராது. அக்காசுகளைப் பின்னர்ப் பிரித்தானிய அருங்காட்சியகத்தார் கழுவி உலர்த்தினர் என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது. அறிந்தார் கழுவுதல் வேறு. அறியாதார் துலக்குதல் வேறு.

'அமராவதியாற்றுக் காசு வெள்ளத்தால் உருண்டு வந்தது. அதற்கு அடுக்கும் இல்லை, இடமும் இல்லை. அதனைத் துலக்கினால் இழப்பு என்னை?' எனச் சிலர் வினவுவர். இடச்சான்றை முன்னரே இழந்த காசிற்கு எஞ்சியது அதன் மேற்பரப்பு ஒன்றே அன்றோ? ஒரு கண் இழந்தவர் மற்றொரு கண்ணைப் போற்றுதல் போல, அதனை மிகுதியும் போற்றுதலே முறை.

தூய்மை வேண்டுவதும் உண்டு

இதுகாறும் கூறியவற்றால் எக்காசையும் எஞ்ஞான்றும் தொடலாகாது என்பது எம் கருத்தெனக் கொள்ளற்க. வாளா விட்டாலும் காசு அழியும் இடம் ஒன்று உண்டு. மண்ணில் உள்ள உப்பினால் செம்போடு குளோரைடு சேர்ந்து, களிம்பின் அடியில், உலோகத்தை ஒட்டி மறைந்து நிற்றல் உண்டு. மண்ணின் உள்ளே அடங்கியிருந்த அது, காசு வெளிப்பட்டுக் காற்றும் ஈரமும் பட்டவுடன் விழித்துக்கொள்கின்றது. வெளிறிய பச்சைத் தூள் சிறு சிறு புள்ளிகளாகப் பொங்கும்; தொட்டால் உதிரும்; உதிர்ந்த இடத்திற் குழி தோன்றும். அவ்வினையில் அமிலம் பிறந்து செம்பை மேலும் அரித்தலால், நோய் தானே வளர்கின்றது. நிலைத்த களிம்பு கடினமாயும் வழவழப்பாயும் இருக்கும். இவ்வரிக்கும் களிம்போ மாவு போன்றது. முன்னதனைக் காத்தலும் பின்னதனைத் தடுத்தலும் வேண்டும். இரண்டையும் ஒன்றென்று எண்ணித் துலக்குவாரும் பிழைக்கின்றனர். ஒன்றென்று எண்ணி விட்டுவிடுவாரும் பிழைக்கின்றனர்.

நோயுற்ற காசைத் தனியே பிரித்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகளோடு மூடிய பெட்டியில் வைத்தல் முதலுதவியாம். ஈரப்பதம் நூற்றுக்கு 40-க்கு மேற்படாதிருத்தல் நன்று. நம் கடற்கரை ஊர்களின் காற்றில் அவ்வளவு வறட்சி இயல்பாக அமைவதில்லை. ஆதலின் நம்மிடையே இந்நோய் விரைந்து பரவும். அதன் பின்னைய மருத்துவம் பயிற்சி உடையார்க்கே உரியது. சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930-ஆம் ஆண்டு முதற்கொண்டு இத்துறைக்கென்றே வேதியியல் ஆய்வுக்கூடம் நடைபெற்று வருகின்றது. முற்காலத்தில் மின்னாற்றலால் களிம்பு முழுவதையும் நீக்கும் முறை பெரிதும் கையாளப்பட்டது. திண்ணிய படிமங்கட்கு அம்முறை பயன்பட்டது உண்டு. ஆயின் களிம்பிலேயே எழுத்தைத் தாங்கும் மெல்லிய காசிற்கு அது புளியினும் கொடிதாகும். குளோரைடை மெல்ல வெளியேற்றி, எஞ்சியதனை நிலைபெறச் செய்தலே இக்காலப் பாதுகாப்பாளர் நெறி.

தேய்ந்த காசைப் படிக்கும் முறை

தூய்மை செய்யாமலே படித்தல் இயலுமோ எனின், இயலும். சாய்வொளி ஒன்று. விளக்கைக் காசிற்கு நேர் மேலே பிடியாது, பக்கவாட்டில் தாழ்த்திப் பிடிப்பின், மயிரிழை உயரமுள்ள புடைப்பும் நிழல் வீழ்த்தும். ஒளியைச் சுற்றிலும் மாற்றி மாற்றிப் பல படங்கள் எடுத்து ஒப்பு நோக்கின், ஒன்றிற் காணாத கோடு மற்றொன்றிற் காணப்படும். எக்சு கதிர்ப் படம் மற்றொன்று. அது களிம்பையும் மண்ணையும் ஊடுருவி, உள்ளே உலோகத்தில் எஞ்சிய உருவைக் காட்டவல்லது.

மூன்றாவது முறை தமிழ்ப் புலவர்க்குப் புதியதன்று. ஓர் அச்சிலிருந்து பிறந்த காசுகள் பல. அவை ஒரே பாட்டின் பல ஏட்டுப் படிகளை ஒப்பன. ஒன்றில் முதலெழுத்துத் தேய்ந்திருக்கும். மற்றொன்றிற் கடையெழுத்துத் தேய்ந்திருக்கும். அச்சுப் பெரிதாயும் காசுத்தகடு சிறிதாயும் இருப்பின், பெயரின் ஒரு பகுதியே ஒவ்வொன்றிலும் விழுந்திருக்கும். அவற்றை ஒருங்கு வைத்து ஒப்பு நோக்கி முழுப்பெயரைப் பெறுதல், சிதைந்த ஏடுகள் பலவற்றை ஒப்பிட்டுப் பாடத்தை வரையறுத்தலே அன்றி வேறன்று. உ. வே. சாமிநாதையர் முதலாய பதிப்பாசிரியர் பாட வேறுபாடுகளைத் தம் கருத்திற்கு ஏற்ப அழியாமற் குறித்துவைத்தமையால் அன்றோ பின்வந்தார் மீண்டும் ஆராய இயன்றது? காசிலும் அந்நேர்மையே வேண்டப்படுவது. ஏடுகளிலாவது ஒன்று போயின் மற்றொன்று கிடைக்கலாம் என்னும் நம்பிக்கை உண்டு. ஓர் அச்சிற் பிறந்து, நமக்குக் கிடைத்தது ஒரே காசாயின், அதனைத் துலக்குதல் ஒற்றைச் சுவடியைத் தீயிலிடுதலை ஒக்கும்.

செயன்முறை

காசைக் கண்டார் செய்யத்தக்கன சில: கிடைத்த இடத்தையும், நாளையும், ஆழத்தையும் அன்றே எழுதிக்கொள்க. ஒரே இடத்திற் பல காசுகள் தோன்றின் தோண்டுதலை நிறுத்துக. காசை விளிம்பிற் பிடிக்க. விரலின் வியர்வையிலும் உப்பு உண்டு. தேய்க்கற்க, எண்ணெய் பூசற்க. உள்ளவாறே இருபுறமும் படம் எடுத்து, எடையைக் குறித்து, தனித்தனித் தாளுறையில் வைக்க. சில வகை ஞெகிழி உறைகள் நாளடைவில் அமிலம் கசிந்து செம்பைத் தாக்குவன, அவற்றை விலக்குக. தளர்ந்த மண்ணை நீக்குதல் இன்றியமையாததாயின், பாதுகாப்பாளர் ஒருவர் உருப்பெருக்கியின் கீழ், காய்ச்சி வடித்த நீரும் மென்மையான முள்ளும் கொண்டு செய்க. நீக்கிய மண்ணையும் எறியற்க.

சட்டமும் ஈண்டு நினைவிற் கொள்ளற்பாலது. 1878-ஆம் ஆண்டு இந்தியப் புதையற் சட்டத்தின்படி, மண்ணில் மறைந்து கிடந்து வெளிப்படும் பத்து ரூபாய்க்கு மேற்பட்ட பொருளைப் பற்றி மாவட்ட ஆட்சியர்க்கு எழுத்து மூலம் அறிவித்தல் கண்டவர் கடமை. நூறாண்டிற்குக் குறையாத காசுகள் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருட் சட்டத்தின் வரம்பிற்குள் வருவன. அறிவித்தல் என்பது சட்டத்திற்கு அஞ்சிச் செய்யும் செயலாக மட்டும் இராது, ஆராய்ச்சிக்குச் செய்யும் முதல் உதவியுமாகும்.

முடிபு

இதுகாறும் ஆராய்ந்தவற்றால், தேய்ந்த காசைத் தூய்மை செய்தல் பயனற்றது என்பதும், நிலைத்த களிம்பை நீக்குதல் கேடு பயப்பது என்பதும், மூடிய மண்ணை நீக்குதல் பதிவு செய்த பின்னர்த் தக்கார் கையால் நிகழத்தக்கது என்பதும், அரிக்கும் களிம்பிற்கு மருத்துவம் கட்டாயம் வேண்டும் என்பதும் போதரும். காசைக் கையில் எடுத்தவர் 'இதனைத் துலக்கலாமா?' என வினவுவதன் முன், 'இதன் எழுத்து எங்கே நிற்கின்றது? உலோகத்திலா, களிம்பிலா, மண்ணின் அடியிலா?' என வினவுதல் வேண்டும். அவ்வினாவிற்கு விடை தெரியாதவழித் தொடாது வைத்தலே அறிவுடைமை. இன்று துலக்காத காசை நாளை துலக்கலாம். இன்று துலக்கிய காசை எக்காலத்தும் துலக்காத காசாக்குதல் ஒல்லாது.

இன்னும் எத்துணை வழுதியரும் கோதையரும் பெயரோடு ஆற்று மணலிற் கிடக்கின்றனரோ, அறியோம். அவர் பெயர் நம் கைக்கு வந்து சேரும் நாளில் அது படிக்கத்தக்கதாய் இருத்தல், முதலில் அதனைத் தொடும் கையைப் பொறுத்தது. அக்கைக்கு உரியாரை அறிவுறுத்தும் கடமை, ஊர்தோறும் மாணவரை உடைய தமிழ்த்துறையினர்க்கு உண்டு என்பது எம் துணிபு.